பழைய கியர் செல்லாக்காசு ஆகணுமா?

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு ஆன்லைன் கேமுக்குப் புது எக்ஸ்பான்ஷன் வருது. அதுக்கு முன்னாடி நாம மாசக்கணக்குல, சில பேர் வருஷக்கணக்குல, சேர்த்து வெச்ச கியர் எல்லாம் அன்னைக்கே செல்லாக்காசு ஆகணுமா?

கேமே ஆடாம இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவங்களும் சிலர் இருக்கீங்க. ரொம்ப நன்றி, ஏன் கேட்கிறீங்கன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியலை. உங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கியர்னா நம்ம கேரக்டர் போட்டிருக்கிற கவசம், கையில பிடிச்சிருக்கிற வாள், மோதிரம், எல்லாமே. லெவல் உச்சத்தைத் தொட்ட பிறகு கேரக்டரோட பலம் கூடுறது பெரும்பாலும் இந்தப் பொருட்களாலதான். எக்ஸ்பான்ஷன்னா காசு கொடுத்து வாங்குற பெரிய அப்டேட். புது நிலம், புது கதை, புது பாஸ், பல நேரங்கள்ல உச்ச லெவலும் ஏறும்.

இந்தச் சண்டைக்கு ஒரு பிறந்தநாள் குறிக்கணும்னா நான் 2007 ஜனவரி 16-ஐக் குறிப்பேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டோட முதல் எக்ஸ்பான்ஷன் 'தி பர்னிங் க்ரூசேட்' வெளியான நாள்.

அதுக்கு முந்தின ரெண்டு வருஷம் எப்படி இருந்ததுன்னு பாருங்க. 2004 நவம்பர்ல கேம் வந்தப்போ உச்ச லெவல் 60. அங்க போன பிறகு மோல்டன் கோர்னு ஒரு எரிமலைக் குகை. 40 பேர் சேர்ந்துதான் போகணும். 40 பேரை ஒரே நேரத்துல ஆன்லைன்ல உட்கார வைக்கிறதுன்னா என்னன்னு கல்யாண வீட்டுல பந்தி நடத்தினவங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தருக்கு நெட் போகும், ஒருத்தர் வீட்டுல சாப்பிடக் கூப்பிடுவாங்க, ஒருத்தர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மருந்துப் புட்டி வாங்க மறந்துட்டேன்பார். ஒரு ராத்திரிக்கு 4 மணி நேரம்னு வைங்க. 40 பேருக்கு 160 மணி நேர உழைப்பு. ஒரு பாஸ் விழுந்தா ரெண்டு மூணு பொருள் கிடைக்கும். அதை யார் எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ண டிராகன் கில் பாயிண்ட்ஸ்னு ஒரு கணக்கு முறை. வந்த நாளுக்குப் புள்ளி சேரும், பொருள் வேணும்னா சேர்த்த புள்ளியைச் செலவு பண்ணணும். நம்ம ஊர் ஏலச்சீட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கங்க.

தண்டர்ஃப்யூரினு ஒரு வாள் உண்டு. ஆரஞ்சு நிறப் பேர், அதாவது லெஜண்டரி. அதுக்கு ரெண்டு பாதி வேணும். ஒண்ணு கார்ங்கிற பாஸ்கிட்ட, இன்னொண்ணு பேரன் கெடன்கிட்ட. ரெண்டுமே அபூர்வமா விழும். வாரத்துக்கு ஒரு தடவைதான் அந்தக் குகையை முடிக்க முடியும். ஒரு பாதி கிடைச்சு, இன்னொரு பாதிக்காக மாசக்கணக்குல காத்திருந்து, அது கடைசி வரைக்கும் வராமலே போனவங்க எத்தனையோ பேர்.

இப்ப ஜனவரி 16-க்கு வாங்க. டார்க் போர்ட்டலைத் தாண்டி ஹெல்ஃபயர் பெனின்சுலாங்கிற புது நிலத்துக்குள்ள போறீங்க. அங்க ஒருத்தர் நிக்கிறார், காட்டுப்பன்னி மாதிரி இருக்கிற ஒரு மிருகத்தை வேட்டையாடிட்டு வாங்கன்னு அனுப்புறார். இந்த மாதிரி நாலு வேலை முடிச்சா சன்மானமா ஒரு கால்சட்டை. பச்சை நிறப் பேர். இந்த கேம்ல சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சுன்னு தரவரிசை. பச்சைன்னா கீழ்ப்படி, வழியில கிடக்கிறது. 40 பேர் மாசக்கணக்குல உழைச்சு எடுத்த ஊதாக் கவசத்தைவிட, பன்னி அடிச்சு வாங்கின பச்சைக் கால்சட்டை பல பேருக்கு மேலாப் போச்சு. கடைசி ரெய்டான நாக்ஸ்ராமஸ்ல எடுத்த கியர் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிச்சது. ஆனா அது திறந்ததே 2006 ஜூன்ல. அதை முழுசா முடிச்சவங்க ரொம்பச் சின்னக் கூட்டம்.

இதுல கியரைப் பத்தி மட்டும் பேசுறவங்க ஒரு விஷயத்தை விட்டுடறாங்க. அதே எக்ஸ்பான்ஷன்ல ரெய்டோட அளவும் 40-ல இருந்து 25 ஆச்சு. முதல் ரெய்டான காரஸானுக்கு 10 பேர்தான். ரெண்டு வருஷம் ஒண்ணா ஓடின ஒரு கில்டுல 15 பேருக்கு இனிமே நாற்காலி இல்லை. அந்த 15 பேர் யார்னு கில்டு தலைவர் முடிவு பண்ணணும். வாள் பழசானதைவிட ஆள் பழசானதுதான் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது. ஆனாலும் பேச்சு எப்பவும் வாளைப் பத்தியே இருக்கும். வாளுக்கு எண் இருக்கு, ஆளுக்கு இல்லை.

சரி, இதையெல்லாம் கேட்டா நான் பழைய கியர் கட்சின்னு நினைப்பீங்க. முழுசா இல்லை.

எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. ஹீலர். எங்கள்ல பாதிப் பேர் உயிரோட ஒரு பாஸ் சண்டையை முடிக்கிறதே அவங்க புண்ணியத்துல. குழந்தை பிறந்த பிறகு ஒன்றரை வருஷம் கேம் பக்கமே வரலை. நடுவுல ஒரு தடவை எட்டிப் பார்த்தாங்க. அப்ப நாங்க எல்லாரும் மூணாவது ரெய்டுல இருந்தோம். அவங்க கியர் முதல் ரெய்டுக்கே பத்தாது. "தம்பி, நான் உங்களைப் பிடிக்கணும்னா எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டாங்க. கணக்குப் போட்டுச் சொன்னேன். சிரிச்சுட்டு லாக் அவுட் பண்ணிட்டாங்க. அப்புறம் எக்ஸ்பான்ஷன் வந்த அன்னைக்குக் காலையில எனக்கு முன்னாடியே அவங்க ஆன்லைன்ல இருந்தாங்க. அன்னைக்கு எங்க எல்லார் கவசமும் குப்பை. அதனாலதான் அவங்களால எங்ககூட நிக்க முடிஞ்சது.

பள்ளிக்கூடத்துல புது வகுப்போட முதல் நாள் மாதிரி அது. எல்லார் நோட்டும் காலி. இந்த நாள் வராத கேம்ல ஏணி நீண்டுக்கிட்டே போகும், புதுசா வர்றவங்க எப்பவும் அடிப்படியில நிப்பாங்க. பர்னிங் க்ரூசேட் காலத்துலயே இதைப் பார்க்கலாம். பிளாக் டெம்பிள் ரெய்டுக்குள்ள நுழையவே ஒரு நீளமான முன்தகுதி வேணும். ஒரு ஹீலர் போயிட்டா, வேற ஒருத்தரைச் சேர்த்து, முந்தின ரெய்டுகளுக்கெல்லாம் மறுபடி அழைச்சுட்டுப் போகணும். பல கில்டுகள் அதுக்குச் சோம்பல்பட்டு, கீழ இருக்கிற கில்டுல ஏற்கெனவே தயாரா இருக்கிற ஆளை இழுத்துக்கிட்டாங்க. அங்க ஒரு ஓட்டை விழும், அவங்க இன்னும் கீழ இருக்கிறவங்ககிட்ட இருந்து இழுப்பாங்க. 2008 மார்ச்ல வந்த 2.4 அப்டேட்லதான் அந்த முன்தகுதியை எடுத்தாங்க, பேட்ஜ் கொடுத்து நல்ல கியர் வாங்குற வழியும் அகலமாச்சு. அப்பவும் முன்னாடியே கஷ்டப்பட்டவங்க கோபப்பட்டாங்க. கோபத்துல நியாயமும் உண்டு. ஆனா கதவு திறந்தது நல்லது.

அதனால பலம் பழசாகணும்ங்கிறதுல எனக்குச் சண்டை இல்லை. எனக்குச் சண்டை அடுத்த கட்டத்துல. பலம் போன பிறகு அந்தப் பொருளுக்கு என்ன ஆகுது?

இதுக்கு 2007-ஐவிட இன்னும் பின்னாடி போகணும். எழுத்து மட்டுமே திரையில ஓடின மட் விளையாட்டுகள் காலத்துலயே இந்த வியாதிக்கு ஒரு பேர் வெச்சுட்டாங்க, மட்ஃப்ளேஷன். பணவீக்கம் மாதிரி பொருள்வீக்கம். புது நல்ல பொருள் வர வரப் பழசு மலிவாகிடும். 1999-ல வந்த எவர்க்வெஸ்ட்லயும் இது நடந்தது. அடுத்த வருஷமே 'ரூயின்ஸ் ஆஃப் குனார்க்' வந்து உச்ச லெவலை 50-ல இருந்து 60 ஆக்குச்சு. ஆனா அங்க பல பொருட்களைக் கை மாத்தலாம். இந்த லெவல் இருந்தாத்தான் போடலாம்னு கட்டுப்பாடும் பெரும்பாலானதுக்கு இல்லை. அதனால உங்களுக்கு உதவாத வாள், புதுசா சேர்ந்த தம்பிக்குப் போகும். இல்லைன்னா நீங்க ஆரம்பிச்ச ரெண்டாவது கேரக்டருக்குப் போகும். அண்ணனுக்குச் சின்னதான சட்டை தம்பிக்குப் போற மாதிரி. போட்டுக்கிட்ட தம்பி சின்ன லெவல் ஓநாய்களை ஒரே வெட்டுல சாய்ச்சுக்கிட்டுத் திரிவார். அது சமநிலையைக் கெடுக்கும்னு டிசைனர்கள் சொல்வாங்க, சரிதான். ஆனா பொருளுக்கு ஒரு இரண்டாவது வாழ்க்கை இருந்தது.

வார்கிராஃப்ட் இந்த வழியை அடைச்சிடுச்சு. அங்க ரெய்டுல எடுத்த கியர் எடுத்தவங்களோட ஒட்டிக்கும், சோல்பௌண்ட்னு பேர். யாருக்கும் கொடுக்க முடியாது. பொருள்வீக்கத்தைத் தடுக்க வந்த மருந்துதான் அது. ஆனா அதே மருந்து, எக்ஸ்பான்ஷன் வர்ற அன்னைக்குப் பழைய கவசத்தைப் பிணமாக்கிடுது. நீங்களும் போட முடியாது, தம்பிக்கும் தர முடியாது. வியாபாரிகிட்ட சில்லறைக்கு வித்துடலாம், அவ்வளவுதான். ஜனவரி 16 கோபத்துக்குப் பச்சைக் கால்சட்டை பாதிக் காரணம்னா, இந்த ஒட்டுதல் மீதிப் பாதி.

எண்கள் பத்தி ரெண்டு வார்த்தை. ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனும் முந்தினதைச் செல்லாக்காசு ஆக்கணும்னா எண்ணை ஏத்திக்கிட்டே போகணும். ஆரம்பத்துல ஒரு கேரக்டரோட உயிர் சில ஆயிரம். மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா முடியறப்போ அது லட்சக்கணக்குல, பாஸோட உயிர் கோடிக்கணக்குல. 2011-லயே கிரெக் ஸ்ட்ரீட், அப்ப சிஸ்டம் டிசைன் பார்த்தவர், இந்த எண்ணெல்லாம் எங்க போய் நிக்கும்னு வெளிப்படையா எழுதினார். 2014-ல எல்லாத்தையும் சுருக்கினாங்க. 2018-ல மறுபடி, 2020-ல மறுபடி. அந்த 2020-ல லெவலையே 120-ல இருந்து 50-க்குச் சுருக்கி, புது உச்சத்தை 60-ல வெச்சாங்க. பதினாறு வருஷம் ஏறி அதே 60!

இந்த வழியோட கடைசி முனையைப் பார்க்கணும்னா டெஸ்டினி 2. அது துப்பாக்கி கேம். அங்க துப்பாக்கிக்குப் பலம் எண்ணால மட்டும் இல்லை. ஒவ்வொண்ணும் சுடுற விதம் வேற, உதைக்கிற விதம் வேற, சத்தம் வேற. ஒரு துப்பாக்கி கைக்குப் பழகிட்டா அதோட பவரை ஏத்தி ஏத்தி எத்தனை வருஷம் வேணாலும் வெச்சிருக்கலாம். பங்கி நிறுவனத்துக்கு இது தலைவலி. நல்ல துப்பாக்கி ஒண்ணு நிரந்தரமா இருந்தா, அடுத்து செய்றது எல்லாம் அதைவிட மேலா இருக்கணும், இல்லைன்னா யாரும் சீண்ட மாட்டாங்க. அதனால 2020 நவம்பர்ல 'பியாண்ட் லைட்' வந்தப்போ எக்ஸாடிக் தவிர்த்த பழைய ஆயுதங்களுக்கு ஒரு பவர் வரம்பு போட்டாங்க. சன்செட்டிங்னு பேர். சூரியன் மறையறது. பேர் மட்டும் கவிதை.

துப்பாக்கி உங்க கையில இருக்கும், ஆனா பவர் பார்க்கிற கடினமான இடங்கள்ல அதைத் தூக்கிட்டுப் போனா வேலைக்கு ஆகாது. இதுல எரியிற தீயில எண்ணெய் என்னன்னா, சில பழைய துப்பாக்கிகளையே அதே பேர்ல, அதே உருவத்துல, புது வரம்போட திரும்பக் கொடுத்தாங்க. ஏற்கெனவே வெச்சிருக்கிறதையே மறுபடி தேடி எடுக்கணும். 2021 பிப்ரவரியில, இனிமே புதுசா எதையும் இப்படி மறைய விட மாட்டோம்னு அறிவிச்சாங்க. ஆனா மறைஞ்சது மறைஞ்சதுதான். 2024-ல 'தி ஃபைனல் ஷேப்' வந்தப்போதான் பழசெல்லாம் மறுபடி பயனுக்கு வந்தது. அதுக்குள்ள பல பேர் பெட்டகத்துல இடம் வேணும்னு அதையெல்லாம் உடைச்சுப் போட்டுட்டாங்க.

நிறுவனம் சொன்ன காரணம் பொய் இல்லை, அந்தத் தலைவலி உண்மை. ஆனா வார்கிராஃப்ட்ல பச்சைக் கால்சட்டை ஊதாவை ஜெயிச்சது. டெஸ்டினியில யாரும் ஜெயிக்கலை, பழசை ஆட்டத்துக்கு வராதேன்னுட்டாங்க. தோத்துப் போற வாளை மனசு ஏத்துக்கும். தடை போட்ட துப்பாக்கியை ஏத்துக்காது. அதுலயும் துப்பாக்கி கேம்ல பழக்கம்ங்கிறது விரல்ல இருக்கு. அதுக்கு எண் போட்டு வரம்பு கட்ட முடியாது.

அப்ப எதிர்த்துருவம் போவோம். எதுவுமே பழசாகாத கேம். கில்ட் வார்ஸ் 2, 2012 ஆகஸ்ட்ல வந்தது. கியர் ஓட்டப்பந்தயம் இல்லாத கேம்னு நம்பித்தான் பல பேர் வந்தாங்க. மூணே மாசத்துல, நவம்பர்ல, அசெண்டட்னு ஒரு புது மேல்படியைச் சேர்த்தாங்க. பெரிய கலவரம். ஆனா அதோட நின்னுடுச்சு. அதுக்கப்புறம் எத்தனை எக்ஸ்பான்ஷன் வந்தும் உச்ச லெவல் அதே 80, உச்ச கியர் அதே பலம். எக்ஸ்பான்ஷன் வேற மாதிரி பரிசு கொடுக்குது. 2015-ல காத்துல மிதக்கிற கிளைடிங், 2017-ல சவாரி மிருகங்கள். அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தாலும் உங்க கவசம் உங்களுக்குச் சோறு போடும். கேட்கவே ஆசையா இருக்கு இல்லையா?

எனக்கும் ஆசைதான். ஆனா வீக்கம் அங்கயும் இருக்கு, வேற கதவு வழியா வந்துச்சு. 2015-ல எலீட் ஸ்பெஷலைசேஷன்னு புதுத் திறன்கள் வந்தப்போ, பழைய முறையில விளையாடினவங்க பின்தங்கினாங்க. கவசம் செல்லும், அதைப் போட்டுக்கிட்டு நீங்க கத்துவெச்ச ஆட்டம் செல்லாது. புது ஸ்டாட் கலவைகளும் வந்ததால, பலம் அதேதான், ஆனா தப்பான கலவையில இருக்குன்னு இன்னொரு செட் செய்யவேண்டியதாச்சு. இன்னொண்ணு, ஒரு பெரிய பாஸை முதல் தடவை சாய்க்கிறப்போ பெட்டியில என்ன இருக்கும்னு நெஞ்சு அடிச்சுக்கிற அந்த அஞ்சு செகண்ட். கில்ட் வார்ஸ் 2-ல அது எனக்குக் குறைவு. என்ன வந்தாலும் என்கிட்ட இருக்கிறதைவிட மேலா இருக்காதுன்னு முன்னாடியே தெரியும்.

நான் பார்த்ததுல இதைக் கெட்டிக்காரத்தனமாச் செஞ்சது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2007-ல இருந்த கேமோட பழைய பிரதியை எடுத்து 2013 பிப்ரவரியில திறந்தாங்க. பெரிய மாற்றம் எதுவா இருந்தாலும் விளையாடுறவங்க ஓட்டுப் போடணும். ரொம்ப காலம் 75 சதவீத ஆதரவு வேணும்னு இருந்தது, அப்புறம் 70 ஆச்சு. அங்க அபிசல் விப்னு ஒரு சாட்டை. 2005-ல வந்தது. அதைவிடக் கொஞ்சம் மேலான ஒண்ணைக் கொண்டுவரணும்னா என்ன செஞ்சாங்க தெரியுமா? க்ராக்கன்னு ஒரு கடல் பூதத்தைக் கொண்டுவந்து, அதை அடிச்சா ஒரு கை கிடைக்கும்னு வெச்சாங்க. அந்தக் கையைத் தனியாப் பிடிச்சு அடிக்க முடியாது. பழைய சாட்டையோட சேர்க்கணும். சேர்ந்ததும் அபிசல் டெண்டக்கிள். 10,000 அடி அடிச்சா தேஞ்சுபோகும். கை மட்டும் திரும்பக் கிடைக்கும், சாட்டை போயிடும். இன்னொரு சாட்டை வாங்கணும்.

இதைக் கொஞ்சம் நின்னு ரசிக்கணும். புதுசு வந்ததால பழசுக்குத் தேவை கூடுது. இப்பதான் ஆரம்பிச்ச பையன் ஒரு சாட்டை எடுத்துட்டு வந்தா, பெரிய ஆள் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கிறார். பையனுக்கு முதலீடு கிடைச்சுது, பெரியவருக்கு ஆயுதம் கிடைச்சுது. யாரையும் ஏமாத்தலை, எண்ணும் ஊதிப் பெருக்கலை. எல்லா கேமுக்கும் இது பொருந்தாது. சந்தையே இல்லாத, சோல்பௌண்ட் கேம்ல இதை ஒட்டவைக்க முடியாது. ஆனா பழைய பொருளை மூலப்பொருளா ஆக்கலாம்ங்கிற யோசனைக்குச் சந்தை வேண்டாமே. உங்க பழைய வாளை உருக்கித்தான் புது வாளை அடிக்கணும்னு ஒரு கொல்லர் சொன்னா, நம்ம கில்டுல பாதிப் பேர் அழுதுக்கிட்டே கொடுப்பாங்க. கொடுத்துட்டுப் பெருமையும் படுவாங்க.

வார்கிராஃப்டும் சும்மா இருக்கலை. 2011 கடைசியில டிரான்ஸ்மாக் வந்தது. புதுக் கவசத்தோட பலம், பழைய கவசத்தோட தோற்றம். காலியாக் கிடந்த பழைய ரெய்டுகள்ல மறுபடி ஆள் நடமாட்டம் வந்துச்சு. பலத்துக்கு வராதவங்க ஒரு தொப்பிக்கு வந்தாங்க. பலத்தைக் கேம் எடுத்துக்கட்டும், அடையாளத்தை எங்ககிட்ட விட்டுடட்டும்னு நாம ஒரு ஒப்பந்தம் போடணும்னா, அதுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. வில் வெச்சிருக்கிற எங்க குழுத் தம்பி ஒருத்தன் சொல்வான், "அண்ணா, இது இனிமே யாரையும் கொல்லாதுன்னு தெரியும். முதுகுல தொங்கட்டும், அது போதும்."

அப்ப என் பதில் என்னன்னு நேராவே சொல்லிடறேன். எக்ஸ்பான்ஷன் வந்தா பலம் பழசாகட்டும், அக்கா மாதிரி ஆட்கள் திரும்ப வர அந்தக் கதவு வேணும். ஆனா பொருளைப் பயன்படுத்தவே விடாம பூட்டக்கூடாது. அதுக்குத் தோற்றமாவோ, மூலப்பொருளாவோ, இன்னொருத்தர் கைக்கோ போக ஒரு வழி இருக்கணும். கில்டோட ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிற வேலையை மட்டும் தயவுசெஞ்சு கியர் மாத்துற அதே நாள்ல வெச்சுக்காதீங்க.

கடைசியா ஒரு கேள்வி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார். "எங்க கேம்ல எக்ஸ்பான்ஷனுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்பதான் கடைசி ரெய்டுக்குத் தகுதி வந்திருக்கு. எப்படியும் எல்லாம் குப்பையாகப் போகுது, போகலாமா வேண்டாமா?"

போங்க. எண்ணுக்காகப் போகாதீங்க. அந்தக் கடைசி பாஸை அது உயிரோட, கோபத்தோட, ஒரே அடியில உங்களைச் சாய்க்கிற பலத்தோட இருக்கிறப்பவே ஒரு தடவை பாருங்க. ரெண்டு வருஷம் கழிச்சுத் தனியாப் போய் ரெண்டு தட்டுல அதைச் சாய்க்கலாம், தொப்பியும் கிடைக்கும். ஆனா அப்ப கூட வந்து கத்துறதுக்கு ஆள் இருக்காது. சாய்ச்சதும் எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க. எல்லாரும் நிக்கிற மாதிரி எடுங்க, ஹீலர்களை முன்வரிசையில விடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.